பிடிபடாத மாடு

அந்தப் படத்தை இப்போது பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்தில்கூடச் செல்போனை உப்புச் சாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். கிளி பேசுகிற வசனம் முதல் மந்திரவாதி சாகும்போது விடுகிற சாபம் வரை எல்லாம் மனப்பாடம். பிடிக்காத ஒன்றை இத்தனை தடவை பார்க்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளில் வந்த மாயாஜாலச் சண்டைப் படம். இளவரசியை மந்திரவாதி கிளியாக்கிக் கூண்டில் அடைத்துவிடுவான். அவளை மீட்க நாயகன் ஒரு மந்திரக் கல்லைத் தேடிப் போவான். கல்லுக்குக் காவலாக ஒரு ராட்சசக் காளை நிற்கும். கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஓட்டை. பறக்கிற குதிரையின் வயிற்றில் கம்பி தெரியும். அரண்மனைக் காவலாளி கையில் கடிகாரம் கட்டியிருப்பான். பூதம் வாயை மூடிய பிறகும் அதன் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். நாயகனின் நீள முடி ஒரு சண்டையில் காதுக்குப் பின்னால் கழன்று தொங்கும். அடுத்த காட்சியில் ஒட்டிக்கொள்ளும்.

வந்த காலத்தில் படம் போணியாகவில்லை. இன்றைக்கு என்னடாவென்றால் அதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறது. கம்பி தெரிந்தால் கைதட்டுகிறார்கள், கடிகாரம் தெரிந்தால் விசிலடிக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எவ்வளவு பாடுபட்டு எடுத்திருக்கிறார்கள் பார் என்று நாற்பது வயது ஆட்களெல்லாம் கண் கலங்குகிறார்கள். கலங்கட்டும். அவர்கள் வீட்டிலிருந்து அந்தப் படத்துக்கு எதுவும் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து மாடு போனது.

ஆமாம், அந்த ராட்சசக் காளை எங்கள் மாடு.

பள்ளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளத்தூரில் பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றைத்தான் மந்திரவாதியின் மாளிகையாக்கி இருந்தார்கள். காவல் காளைக்கு மாடு தேடினார்கள். நாச்சியாபுரம், கீழச்சிவல்பட்டி என்று அலைந்து பார்த்துவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கூட்டிக்கொண்டு வந்தது என் தாய்மாமன். அம்மாவின் ஒரே தம்பி. சினிமாக்காரர்கள் வந்த நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

எங்கள் மாடு மயிலை நிறம். தை மாதம் சுற்றுவட்டாரத்து மஞ்சுவிரட்டு எதில் அவிழ்த்துவிட்டாலும் ஒருவனும் அதன் திமிலில் கை வைத்தது கிடையாது. வெளி ஆள் முகம் பார்த்தாலே தலையைச் சாய்த்துக்கொண்டு வரும். என் அம்மாவிடம் மட்டும் பூனை. பருத்திக்கொட்டை ஆட்டிய கையை அவள் புடவையில் துடைப்பதற்குள் மூக்கால் இடித்து நக்கும். "இரு மூதேவி, வாரேன்" என்பாள். அம்மா என்னை அப்படிக் கொஞ்சிக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அப்பா முதலில் மறுத்தார். சினிமாவில் மாட்டை வதைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாமாதான் விடவில்லை. "மச்சான், ஒங்க மாடு திரையில வந்தா ஜில்லாவே பாக்கும். நான் கூடவே நிக்கிறேன், எம்மேல பாரத்தப் போடுங்க" என்றார். மாட்டைக் கறுப்பாக்கப் பெயிண்ட் பூசக் கூடாது, கரியும் எண்ணெயும்தான் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லி ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் அப்பாவே பிடித்துக்கொண்டு போனார். மாடு முற்றத்தில் நிற்கிற காட்சி, மண்ணைக் கிளறுகிற காட்சி, தலையைத் திருப்பிப் பார்க்கிற காட்சி எல்லாம் அன்றைக்கு எடுத்தவை. படத்தில் அது திரும்பிப் பார்ப்பது ராட்சசப் பார்வை என்று மிரட்டுகிற மாதிரி மேளம் வைத்திருப்பார்கள். அது என் அப்பாவைத்தான் பார்க்கிறது, கிளம்பலாமா என்று கேட்கிறது. எங்களிடம் அந்த மாட்டின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. இந்த வீணாய்ப்போன படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான். அது உயிரோடு மூச்சு விடுவதைப் பார்க்க எனக்கு வேறு இடமில்லை.

மறுநாள் கண்மாய் மடையில் எங்கள் முறை. தண்ணீர் முறையை விட்டுக் கொடுத்தால் அந்தப் போகம் போச்சு. அதனால் அப்பா வயலுக்குப் போனார். மாமா மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் கொண்டுவந்து கட்டினார். "சும்மா ஓடவிட்டு எடுத்தாக மச்சான். ஒண்ணுமில்ல" என்றார்.

படம் டூரிங் கொட்டகைக்கு வந்தபோது ஊரே கிளம்பிப் போனது. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, துண்டு போட்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்தார். எங்கள் மாடு திரையில் வந்ததும் மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கத்தினார்கள். அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவ்வளவு பெருமை.

அப்புறம் நாயகன் வந்தான். தாவினான். திமிலைக் கட்டிப் பிடித்தான். சுற்றினான். தூக்கி எறிந்தான். எங்கள் மாடு தொப்பென்று விழுந்தது.

கொட்டகையில் விசில் பறந்தது. வேற்றூர்க்காரன் ஒருவன் எழுந்து நின்று, "ஏய், இந்தூரு மயிலக் காளைடா அது! புடிச்சுட்டாண்டா!" என்று கத்தினான். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம். மஞ்சுவிரட்டு மாட்டின் திமிலை எவனாவது அணைத்து நின்றுவிட்டால் அதை மறுபடி அவிழ்க்க மாட்டார்கள். கட்டுத்தறியிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், விற்றுவிடுவார்கள். சினிமாவுக்கு அதெல்லாம் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. கண்ணால் பார்த்தாயிற்று. தொட்டவன் கூத்தாடியானால் என்ன, கொள்ளைக்காரனானால் என்ன, தொட்டால் தொட்டதுதான்.

இருந்தாலும் அப்பா மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "மாப்புள, நெசத்தச் சொல்லு. அன்னைக்கு நீதேன் கூட இருந்த. அவன் திமில்ல கை வச்சானா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு, "வச்சான் மச்சான். ஒங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. மாட்டுக்கு அன்னைக்கு என்னமோ மேலுக்குச் சரியில்ல" என்றார்.

அடுத்த சந்தைக்கு அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். அம்மா கொல்லைக்குப் போய் நின்றுகொண்டாள், பார்க்கவில்லை. திரும்பி வரும்போது அப்பா கையில் மூக்கணாங்கயிறு மட்டும் இருந்தது. யாருக்கு விற்றீர்கள் என்று அம்மா கேட்கவே இல்லை. அப்படி விற்கிற மாடு எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாடு வளர்க்கவில்லை. தை பிறந்தால் அப்பா வீட்டுக்குள் படுத்துக்கொள்வார். டீக்கடைக்குப் போனால் எவனாவது, "அண்ணே, அடுத்த படத்துக்கு மாடு இருக்கா?" என்பான். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவன், "சினிமாக்காரன் படுக்கப்போட்ட மாட்டு வீட்டுப் பொண்ணா?" என்று பந்தியில் கேட்டான். அப்பா கையில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். கேட்காத மாதிரி அடுத்த இலைக்குப் போனார். அந்த வாளியைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். தாலி கட்டிய கழுத்தோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. கேலி அவரோடு போகவில்லை.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் இருக்கிறேன். அம்மா என்னோடு. வயது ஆனாலும் காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. மாமாவின் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பழைய படங்களைப் பற்றி இன்டர்நெட்டில் பேசி வீடியோ போடுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. போன வருடம் அவன் தன் அப்பாவையே உட்காரவைத்து ஒரு பேட்டி எடுத்துப் போட்டான். மாமா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து சொன்னார்: "டூப்பெல்லாம் கெடையாது தம்பி. அவரு நெசமாவே காளைய அடக்குனாரு. நாந்தேன் சாட்சி."

 செத்துப்போன மனுஷனை மறுபடி குழியிலிருந்து எடுத்துக் கேலி செய்கிற மாதிரி இருந்தது. கீழே எவனோ சிரிக்கிற பொம்மை போட்டிருந்தான். இந்த மனுஷனை ஒருநாளாவது தலைகுனிய வைக்காமல் சாக மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எப்படி என்று தெரியவில்லை. ஆனால் முடிவு செய்துவிட்டேன்.

வழியைக் காட்டியது அந்தப் படமேதான். பழைய பிரதியைக் கழுவித் துடைத்துப் பளிச்சென்று ஆக்கி யாரோ இன்டர்நெட்டில் ஏற்றியிருந்தார்கள். முன்பெல்லாம் மாடு விழுகிற காட்சி ஒரே இருட்டாக இருக்கும். கொட்டகையிலோ முன்னால் இருக்கிறவன் தலை மறைக்கும். இப்போது புல் பூண்டு தெரிகிறது. நாயகன் திமிலைக் கட்டிப் பிடிக்கிற இடத்தில் எனக்கு ஏதோ உறுத்தியது. நிறுத்தினேன். விரலால் பெரிதாக்கினேன்.

மாட்டின் முன்னங்கால்கள் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தன.

அட நாசமாய்ப் போறவனுகளா! துணி மாடு! உள்ளே இரண்டு பேரை விட்டுக் கறுப்புத் துணி போர்த்தி, கொம்பு வைத்து, அதைத்தான் அந்த முடிகழன்ற வீரன் தூக்கி எறிந்திருக்கிறான். எங்கள் மாடு அந்தக் காட்சியிலேயே இல்லை. நான் தனியாக அடுப்படியில் நின்றுகொண்டு சிரித்தேன், அப்புறம் அழுதேன். உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

பிறகுதான் பின்னங்கால்களைப் பார்த்தேன். வெறுங்கால். இடது காலில் கட்டைவிரல் மேல் அடுத்த விரல் ஏறி உட்கார்ந்திருந்தது.

என் அம்மாவுக்கு அதே கால். அம்மாச்சிக்கு அதே கால். செருப்புக் கடைக்காரன் திணறுகிற கால். மாமாவுக்குச் சர்க்கரைப் புண் வந்தபோது தினமும் மடியில் வைத்து நான் கட்டுப் போட்ட கால்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சினிமா ஆசை. முகம் காட்ட விடவில்லை, மாட்டுக்குப் பின்பாதியாகக் குனிந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். நின்றிருக்கிறார். எறிந்திருக்கிறார்கள். விழுந்திருக்கிறார். அப்பா கேட்டபோது அதைச் சொல்ல வெட்கம். ஊர் சிரிக்கும் என்று பயம். தன் மானம் சிரிப்பாய்ச் சிரிக்காமல் இருக்க, ஒரு மாட்டைச் சந்தைக்கு அனுப்பி, ஒரு மனுஷனைத் தலை கவிழ வைத்துவிட்டார். ரோஷத்துக்கு விலை எங்கள் வீட்டிலிருந்து போயிருக்கிறது.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுவாள், அவர் அழுவார், அதோடு முடிந்துவிடும். தனியாக முடியக் கூடாது. கேலி ஊரறிய நடந்தது, இதுவும் ஊரறியத்தான் நடக்க வேண்டும்.

மாமாவின் பேரனுக்குக் காரைக்குடியில் மண்டபம் பிடித்துக் காது குத்து வைத்தார்கள். எல்.இ.டி. திரை வைத்து, அந்தப் படத்துக் காட்சிகளைப் போட்டுத் தன் அப்பாவைக் கௌரவிக்கப்போவதாக மாமாவின் மகன் போன் செய்தான். "அத்தாச்சி, மாடு ஒங்க வீட்டு மாடுல்ல. நீங்களும் மேடையேறி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. "பேசுறேம்ப்பா. மாட்டுச் சண்டையப் போடு, நான் சொல்ற எடத்துல நிறுத்து" என்றேன். பட்டுப்புடவை எடுத்து இஸ்திரி போட்டேன். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு ஆசையாகப் புறப்பட்டதில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் ஊர், பக்கத்து ஊர், பழைய கேலிக்காரர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அம்மா முன்வரிசையில். பிறந்த வீட்டுச் சீராக மாமா கொடுத்த புடவைத் தட்டு மடியில். மாமா மேடையில் சந்தனமும் மாலையுமாக நின்றார்.

திரையில் மாடு தலையைத் திருப்பியது. கூட்டம் கத்தியது. நாயகன் தாவினான்.

"நிறுத்துப்பா" என்றேன். "காலப் பெருசாக்கு. பின்னங்கால."

ஆளுயரத்துக்கு அந்தக் கால் திரையில் வந்து நின்றது, ஓரத்தில் முன்னங்காலின் ஷூவும் தெரிந்தது. நான் மாமாவை நேராகப் பார்த்தேன். "மாமா, இது யாரு காலுன்னு தெரியுதா?"

அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவ்வளவு நாள் காத்திருந்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் நன்றாக இருந்தது.

ஆனால் ஒரு நொடிதான். பின்னாலிருந்து ஒருவன் விசிலடித்தான். "மாட்டுக்கு ஷூ மாட்டியிருக்காங்கடா!" என்றான் இன்னொருவன். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. அது ஏளனச் சிரிப்பு இல்லை. ஆசைச் சிரிப்பு. பறக்கிற குதிரையின் கம்பிக்குக் கைதட்டுகிற அதே கூட்டம்தானே? மாமாவின் மகன் தலையில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, அது நீங்களா? இத்தன நாளாச் சொல்லவே இல்லயேப்பா!" என்று ஓடிப் போய்க் கட்டிக்கொண்டான். கூட்டம் பார்க்கிற விதம் தெரிந்ததும் மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஆமாங்க! நாந்தேன்! பின்னங்காலு நாந்தேன்!"

கைதட்டல். அவர் இடது காலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் கைதட்டல். "நெச மாட்டுக்கிட்டப் போக அந்த ஹீரோவுக்குப் பயம்ங்க! கேரவன் இல்லாத காலம், வேன்ல ஏறி உக்காந்துக்கிட்டாரு, எறங்கவே இல்ல. மாட்டப் பாத்ததுமே ஒண்ணுக்கு வருதுன்னாரு! அப்புறம் துணிமாடு தச்சாக. குனி குனின்னு குனிய விட்டு என் இடுப்பையே ஒடிச்சுப்புட்டாக!"

இளவட்டங்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினார்கள். நான் மைக் இல்லாமல் ஓரமாக நின்றேன். போச்சு. எல்லாம் போச்சு. அசிங்கப்படுத்தக் கொண்டுவந்த காலையே அவருக்கு மாலையாகப் போட்டுவிட்டேன். அந்தப் பாழும் படத்தின் ஓட்டை ஒவ்வொன்றும் இவர்களுக்குச் சர்க்கரைக் கட்டியாக இருக்கிறது. அதில் என் அப்பா கரைந்து போனது யாருக்குத் தெரியும்? கண்ணில் நீர் முட்டியது, ஆத்திரத்தில்.

அப்போது அம்மா எழுந்து நின்றாள்.

மடியிலிருந்த புடவைத் தட்டு கீழே விழுந்து உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை. மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். செல்போன் பிடித்திருந்த பிள்ளைகள் ஒதுங்கினார்கள்.

"ஏண்டா, அப்ப நம்ம மாட்ட அவன் தொடவே இல்லையா?"

மாமா சிரித்த வாய் மூடவில்லை. "அது வந்துக்கா..."

"தொட்டானா, தொடலையா?"

"தொடலக்கா." குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"அவுக ஒன்ன உக்கார வச்சுக் கேட்டாகள்ல?"

மாமா மாலையைக் கழற்றப் பார்த்தார், அது காதில் மாட்டிக்கொண்டது.

"சாவுற அன்னைக்கும் கேட்டாகடா எங்கிட்ட. அன்னைக்கு மாட்டுக்கு என்ன நோவு, நான் என்னத்தப் போட்டேன்னு கேட்டாக. நான் பருத்திக்கொட்டையில என்னமோ கலந்துட்டேனோன்னு இம்புட்டு வருசமா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேண்டா." அம்மா அழவில்லை. அவள் குரல் உலர்ந்து இருந்தது. அப்பா கடைசி நாளிலும் அப்படிக் கேட்டது எனக்குத் தெரியாது. அவளும் என்னிடம் சொன்னதே இல்லை.

"அக்கா, மன்னிச்சிரு. வீட்டுக்குப் போயிப் பேசுவோம்."

"வீடு என்னடா வீடு. கையில என்ன இருக்கு? மைக்கு இருக்குல்ல? அதுல சொல்லு."

மாமா மண்டபத்தைப் பார்த்தார். அத்தனை முகமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு விசில் இல்லை. சமையல்கட்டிலிருந்து கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். 

"அந்த மாட்ட... யாரும் புடிக்கல" என்றார்.

நான் பின்வரிசையைப் பார்த்தேன். அப்பாவிடம் அடுத்த படத்துக்கு மாடு இருக்கிறதா என்று கேட்டவன் கிழவனாகி அங்கே உட்கார்ந்திருந்தான். காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்திருந்தான்.

"பின்னாடி கேக்கலயாம் மாமா" என்றேன். "இன்னொரு தடவ சொல்லுங்க."